நாலரை மணி முறை

உடனிருந்தவர்கள்:
1. காந்தா, உதவியாளர்.
2. கோவிந்தப்பா, வாட்ச்மேன்.
3. பெர்னார்ட், மூன்றாம் கட்டில்.

நான்காம் கட்டில் அப்பாதுரை செத்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். மூன்று பேருக்கும் அந்த மனிதரை முந்தின நாள் மதியம் வரை யாரென்றே தெரியாது. கட்டிய மனைவியின் பேர் இந்தப் பட்டியலில் இல்லை.

பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவை வாங்கி டிரஸ்ட் ஒன்று நடத்தி வந்த இல்லம் அது. புற்றுநோய்க்கு இனி மருந்து இல்லை என்று ஆகிவிட்டவர்கள் வலியில்லாமல் சாவதற்கான இடம். பன்னிரண்டு கட்டில். ஆரம்பித்தவர்கள் நல்லவர்கள்தான். வருகிற நோயாளி ஒரு மாதம், இரண்டு மாதம் இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். உட்காரத் தோட்டம், படிக்க மூன்று மொழியில் புத்தகம், விளையாட ஒரு கேரம் போர்டு. அந்த போர்டின் பிளாஸ்டிக் உறையை இதுவரை யாரும் பிரிக்கவில்லை. போன மாதம் வந்த பதினாறு பேரில் பதினொரு பேர் மூன்றாம் நாளைப் பார்க்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் கடைசி வரைக்கும் வைத்திருந்து, மூச்சு மட்டும் மிச்சமிருக்கும்போது ஒரு கடிதம் எழுதி இங்கே அனுப்பிவிடுகிறார்கள்.

"இது இல்லமா, பஸ் ஸ்டாண்டா?" என்று பெர்னார்ட் கேட்பார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரலில் புற்று. "இருபத்திரண்டு நாளா இருக்கேன். இந்த காலேஜ்ல நான்தான் சீனியர். புதுசா வர்றவனுக்குப் பேரு கேக்குறதுக்குள்ள அவன் பாஸாகிப் போயிடறான்."

அப்பாதுரை வந்தது 2001 ஜூலையில், ஒரு திங்கட்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. அண்ணன் முனிகிருஷ்ணனின் மெட்டடோர் வேனில் கொண்டுவந்தார்கள். அத்திபெலேயிலிருந்து சந்தைக்குத் தக்காளி ஏற்றும் வண்டி. கூடைகளைத் தள்ளிவிட்டு நடுவில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயது. தரைக்கு மொசைக் பாலிஷ் போடும் மேஸ்திரி. உணவுக்குழாயில் புற்று. கோவிந்தப்பாவும் காந்தாவும் தூக்கியபோது ஆளில் கனமே இல்லை. லுங்கியும் எலும்பும்தான்.

கட்டிலில் கிடத்திவிட்டு, காந்தா வழக்கம்போல முதலில் காலைப் பார்த்தாள். பாதம் சில்லென்றிருந்தது. போர்வையை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். இரண்டு முழங்காலிலும் நீலமாகத் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. ஆறு வருடமாக அவள் பார்க்கிற நீலம் அது. வந்துவிட்டால் ஒரு ராத்திரி. கெட்டி ஆளாக இருந்தால் மறுநாள் மதியம்.

மனைவி சீதாலட்சுமி இரண்டு கையிலும் பையோடு இறங்கினாள். ஒன்றில் நாலு சட்டை, நாலு லுங்கி, ஷேவிங் செட். இன்னொன்றில் ராகி மாவு டப்பா, ஹார்லிக்ஸ், கிண்ணம், கரண்டி. கட்டில் பக்கத்து அலமாரியில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். பதினைந்து நாளுக்கான ஏற்பாடு.

"இருபத்து மூணாம் தேதி திரும்ப வரச் சொல்லியிருக்காங்கக்கா" என்று கடிதத்தைக் காந்தாவிடம் நீட்டினாள். "அதுக்குள்ள உடம்பு தேறிட்டா இன்னொரு ரவுண்டு கரண்ட் வைக்கலாம்னாங்க. இங்க நல்லா பாத்துக்குவாங்களாமே. கஞ்சி நான் காய்ச்சித் தரலாமா, இல்ல நீங்களே குடுப்பீங்களா?"

கதிர்வீச்சைத்தான் கரண்ட் என்றாள். காந்தா கடிதத்தைப் பார்த்தாள். சப்போர்ட்டிவ் கேர், ரிவ்யூ 23ஆம் தேதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. இந்த மாதிரிக் கடிதம் நிறைய பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் யாரும் போனதில்லை.

வராந்தாவில் முனிகிருஷ்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரும்மா. மூணு வாரம் ஆச்சு. அவகிட்ட நான் சொல்லல. சொன்னா அங்கயே விழுந்துடுவா. ரெஸ்டுக்குன்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கோம். நீங்களும் அப்படியே மெயின்டைன் பண்ணுங்க."

"மூணு வாரமா தெரிஞ்சுட்டு ஏன்ணா இவ்ளோ நாள் அங்கயே வெச்சிருந்தீங்க?"

"பெட்டு இருந்துச்சு, இருக்கச் சொன்னாங்க. நேத்துத்தான் பெட்டு வேணும்னாங்க."

லோடு இருக்கிறது, காலையில் வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு மணிக்கு டாக்டர் அனந்தபத்மநாபன் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் தினமும் இரண்டு வேளை வருவார். கட்டிலில் உட்கார்ந்து, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, வலி எங்கே என்று கேட்டார். விழுங்க முடியாது என்பதால் மார்பினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடச் சொன்னார். வெளியே வந்ததும் பொறுப்பு நர்ஸ் ஜெயலட்சுமியிடம், "ஃபேமிலி மீட்டிங் நாளைக்குப் பத்து மணிக்கு வெச்சுக்கலாம்" என்றார்.

பின்னால் நின்றிருந்த காந்தா, "சார், நாளைக்குப் பத்து மணி வரைக்கும் தாங்காது சார். முழங்காலைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேம்மா. ஆனா இன்னிக்கு முதல் நாள்."

முதல் நாள் என்றால் அங்கே ஒரு விதி. வந்த அன்றைக்குக் குடும்பத்தாரிடம் கெட்ட செய்தி எதுவும் பேசக்கூடாது. முதலில் வலி அடங்கட்டும், அவர்கள் உட்கார்ந்து டீ குடிக்கட்டும், மறுநாள் டாக்டர் பேசுவார். டாக்டர் மட்டும்தான் பேசுவார். இந்த விதி காரணமில்லாமல் வந்ததில்லை. முதல் வருடம் ஒரு பெண்ணின் புருஷனிடம் வந்தவுடனே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். சாகடிக்கவா கூட்டி வரச் சொன்னீர்கள் என்று அவன் கத்தி, அவளை அதே ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். ஆட்டோ கண்டோன்மென்ட் ஸ்டேஷனைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து முதல் நாள் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நாளே கடைசி நாளாக வருகிறவர்களை என்ன செய்வது என்று விதியில் இல்லை.

போன மாதம் காந்தா ஒரு கிழவரின் மனைவியிடம், "இன்னிக்கு எங்கயும் போகாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மா மகனிடம் அழுதாள். மகன் டிரஸ்டுக்குப் புகார் எழுதினான். "இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது, காந்தா" என்று ஜெயலட்சுமி சொல்லி வைத்திருந்தாள்.

ஊசி வேலை செய்தது. ஐந்தரை மணிக்கு அப்பாதுரையின் முகத்திலிருந்து இறுக்கம் போய்விட்டது. இரண்டு மாதமாகக் குறுக்கிக்கொண்டே கிடந்த காலை நீட்டினார். காந்தா வாயைத் துடைத்து, உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, முதுகுக்குத் தலையணை வைத்துத் திருப்பிப் படுக்க வைத்தாள். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்து, "சாப்டியா?" என்றார்.

சீதாலட்சுமிக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "பாத்தீங்களாக்கா, வந்து ரெண்டு மணி நேரத்துல எவ்ளோ தெளிவு. அங்க இருபது நாளா மொனகல் தவிர ஒரு வார்த்த பேசல. மொதல்லயே இங்க வந்திருக்கணும்."

"அது நெஜம்தான்" என்றார் அடுத்த கட்டில் பெர்னார்ட், சுவரைப் பார்த்தபடி.

ஆறு மணிக்கு ஜெயலட்சுமி கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். சீதாலட்சுமி காந்தாவிடம் வந்து நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ஈஜிபுராவுல எங்க காம்பவுண்டுல எட்டு வீடு, ஒரே கொழா. நாள் விட்டு நாள் தண்ணி. நாளைக்கு வர்ற நாள். எங்க முறை விடிகாலம் நாலரைக்கு. பொண்ணு ஒண்டியா இருக்கா, பத்தாவது படிக்கிறா. அவளால கொடம் தூக்கி மாடி ஏற முடியாது. முறைய விட்டா ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு கெடையாது. அடுத்த தடவ கடைசி வீடுன்னு தள்ளிடுவாங்க. இவருக்கும் இப்ப பரவால்ல. நான் போயிட்டுத் தண்ணி புடிச்சு வெச்சுட்டுக் காலைல ஒம்போதுக்கெல்லாம் வந்துடவா? இல்ல இருக்கணுமா? நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்."

இதைவிட நேராக யாரும் கேட்க முடியாது. காந்தா ஜெயலட்சுமியைப் பார்த்தாள். ஜெயலட்சுமி கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

இருங்கள் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அழுவாள். அழுதால் காலையில் அண்ணன் வந்து புகார் சொல்வார். வேலை போய்விடும். காந்தா யோசித்தது அவ்வளவுதான். பின்னால் எத்தனையோ காரணங்களை அவள் தேடிப் பார்த்தாள், விதி, டாக்டர், அண்ணன். அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தது வேலை மட்டும்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள். "நாங்க பாத்துக்கறோம்."

சீதாலட்சுமி புருஷனின் நெற்றியைத் தொட்டுவிட்டு, பெட்டிக்கடை போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுச் சிவாஜிநகர் பஸ்ஸுக்கு ஓடினாள். அந்தக் கடைக்காரர் கூப்பிட்டால் மாடியிலிருந்து இறங்கி வருவாள். கடை ராத்திரி ஒன்பது வரைக்கும், காலையில் ஏழிலிருந்து.

"காந்தா" என்றார் பெர்னார்ட்.

"என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடு."

விடிகாலை நாலு மணி வாக்கில் மூச்சு மாறியது. நாலு இழுப்பு, ஒரு நிறுத்தம். அப்பாதுரை கண்ணைத் திறந்து கேட்டார்.

"சீதா எங்க?"

"தண்ணி புடிக்கப் போயிருக்காங்கண்ணா. வந்துடுவாங்க."

"நாலரை ஆயிடுச்சா?"

"ஆகப்போவுது."

கண்ணை மூடிக்கொண்டார். முடிந்துவிட்டது என்றே காந்தா நினைத்தாள். பிறகு தொண்டை கரகரக்கச் சொன்னார்: "நீலக் கொடம் ஒழுவுது. அடியில சோப்பு தேய்க்கச் சொல்லு."

"சொல்றேன்."

"மறந்துடுவா."

அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. காந்தா ஆபீஸ் அறைக்கு ஓடிப் போய்ப் போனைச் சுழற்றினாள். ஈஜிபுராவில் பூட்டிய கடைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை போட்டாள். சாகிறவர் பக்கத்தில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதனால் கோவிந்தப்பாவை உள்ளே கூப்பிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பெர்னார்ட் தானாக எழுந்து உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அப்பாதுரையின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். ஐந்து இருபதுக்கு மூச்சு நின்றது. ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்கப்புறம் வரவில்லை.

"ஹோத்ரு" என்றார் கோவிந்தப்பா கன்னடத்தில். போய்விட்டார்.

காந்தா ரெஜிஸ்டரை எடுத்தாள். தலைப்பெல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்தது, உள்ளே அவரவருக்குத் தெரிந்த மொழியில் எழுதலாம். அவள் தமிழில் எழுதுவாள். பேர், வயது, வந்த நேரம், போன நேரம், உடனிருந்தவர்கள். தங்கிய காலம் என்ற கட்டத்தில் பதினான்கு மணி இருபது நிமிடம் என்று போட்டாள். அந்தக் கட்டத்தின் தலைப்பில் 'நாட்கள்' என்று அச்சாகியிருந்தது.

ஏழு மணிக்குக் கடைக்காரர் போனை எடுத்தார். சீதாலட்சுமி கீழே இறங்கி வருவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி போட்டபோது, "இப்பத்தான் பஸ்ஸுக்குப் போச்சு அந்தம்மா. நீங்க கூப்ட்டீங்கன்னு சொன்னேன், ஒடனே ஓடிடுச்சு" என்றார். முனிகிருஷ்ணனுக்கு மட்டும் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்தது. எட்டரைக்கெல்லாம் வேனில் அக்கம்பக்கத்து ஆட்கள், பங்காளிகள் என்று பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். எட்டு மணிக்கே காந்தாவின் ஷிப்ட் முடிந்துவிட்டது. அவள் போகவில்லை.

ஒன்பது மணிக்கு சீதாலட்சுமி தூக்குப்பாத்திரத்தில் ராகிக் கஞ்சியோடு கேட்டைத் தாண்டி வந்தாள். வாசலில் இருந்த கும்பலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தூக்கைக் கீழே போடவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றார் முனிகிருஷ்ணன், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "கட்டுன புருஷன் உயிரு போவுது. இவ கொழாயடியில கொடத்த வெச்சுட்டு நின்னுட்டு இருக்கா."

ஒரு கிழவி, "ஒரு ராத்திரி பொறுக்க முடியலையா இவளுக்கு" என்றாள்.

சீதாலட்சுமி காந்தாவை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டேன் இல்லக்கா? இருக்கணுமான்னு கேட்டேன். போயிட்டு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்போதுதான் டூட்டிக்கு வந்திருந்த ஜெயலட்சுமி ரெஜிஸ்டரை நடுவில் நீட்டினாள். "இதெல்லாம் அப்புறம் பேசலாம்மா. உறவுக்காரங்க ஒரு கையெழுத்துப் போடணும். எழுதினதப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

சீதாலட்சுமி எழுத்துக் கூட்டி வாசித்தாள். காந்தா. கோவிந்தப்பா. பெர்னார்ட். விரல் அங்கேயே நின்றது.

"என் பேரை எழுதுங்க."

"என்னம்மா?"

"நாலாவதா என் பேரை எழுதுங்க. நான் இருந்தேன்னு எழுதுங்க. இத நாளைக்கு ஒருத்தர் வாங்கிப் பாப்பாங்க, எம் பொண்ணு பாப்பா. ஒரு வரிதானே. எழுதினா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது?"

"இல்லாதவங்க பேரை எழுத முடியாதும்மா" என்றாள் ஜெயலட்சுமி.

"அப்ப இருக்கச் சொல்லியிருக்கணும்."

காந்தா பேனாவை வாங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது பேர் எழுதப் போகிறாள் என்று சீதாலட்சுமி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். காந்தா 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினாள், எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டே: "மனைவி சீதாலட்சுமி நேற்று மாலை ஆறு மணிக்கு, இருக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். ராத்திரிக்குள் இறந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். போகலாம் என்று சொன்னேன். அண்ணன் முனிகிருஷ்ணனுக்கு மூன்று வாரமாகத் தெரியும். மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்." கீழே கையெழுத்துப் போட்டாள்.

முனிகிருஷ்ணன், "நான் அவ நல்லதுக்குத்தான..." என்று தொடங்கி, முடிக்காமல் வண்டிப் பக்கம் நடந்தார்.

"மூணு வாரமா மாமா?" என்று சீதாலட்சுமி அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்தாள், காந்தாவைப் பார்த்தாள். "இத வெச்சு நான் என்ன பண்றது? இதையா கேட்டேன் உங்கள?"

காந்தாவிடம் சொல்வதற்கு வேறு ஒன்றுதான் மிச்சமிருந்தது. "நீலக் கொடம் ஒழுவுதாம். அடியில சோப்பு தேய்க்கச் சொன்னாரு."

சீதாலட்சுமி அப்போதுதான் அழுதாள். "காலைலயும் ஒழுவுச்சு" என்றாள். "மாடி ஏறுறதுக்குள்ள பாதி போயிடுச்சு." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கஞ்சித் தூக்கு சுவரோரமே இருந்தது.

பத்து மணிக்கு, ஃபேமிலி மீட்டிங்குக்குச் சரியான நேரத்தில், டாக்டர் வந்தார். மெட்டடோர் உடலோடு போய்விட்டிருந்தது. ரெஜிஸ்டரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு சார். கிழிக்க முடியாது" என்றாள் ஜெயலட்சுமி.

"கிழிக்க வேண்டாம்" என்றார். காந்தாவைப் பார்த்து, மிகவும் அன்பாக, நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "நீ ரொம்பக் களைச்சுப் போயிட்டம்மா. ஆறு வருஷம் ஆச்சில்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. இருபத்து மூணாம் தேதி வா, பேசிக்கலாம்."

அந்தத் தேதியைத்தான் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கடிதம் மேஜை மேல் கிடந்தது, வாயில் வந்துவிட்டது. காந்தா சரி என்று தலையாட்டினாள். அலமாரியைத் திறந்து தன் செருப்பு, டிபன் பாக்ஸ், மாற்றுப் புடவை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

வார்டைக் கடந்தபோது பெர்னார்ட் கேட்டார், "எத்தன நாள் லீவு?"

"இருபத்து மூணாம் தேதி ரிவ்யூ அங்கிள்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வலித்தது, விட்டுவிட்டார். நான்காம் கட்டிலில் ஏற்கெனவே வேறு விரிப்பு போட்டிருந்தது. முன்வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் ரிவர்ஸில் வந்து நின்றுகொண்டிருந்தது. கையில் பெரிய பையோடு ஒருவர் இறங்கி, கஞ்சி காய்ச்ச அடுப்பு இருக்கிறதா என்று ஜெயலட்சுமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்வாசல் வழி அடைத்துவிட்டதால் கோவிந்தப்பா காந்தாவைச் சமையலறைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"பேஜார் மாட்கோபேடம்மா" என்றார். வருத்தப்படாதே. "நீ எழுதுனது சரிதான்."

"ஒரு நாள் லேட்டு" என்றாள் காந்தா.

படியிறங்கினாள். அவர் பின்கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு பூட்டு.